பயற்றங்கொடியில் வலைமுடிச்சு

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் இருபத்திநாலு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரில் பிழை இல்லை. இந்த ஐப்பசி வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

வைகாசி மாதத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கோணிய வாய் ஒரு மாதத்தில் நேரானது. இழுபட்ட கால் ஆடி முடியமுன்னம் வழிக்கு வந்தது. வலது கைதான் அடம்பிடித்தது. தோளைத் தூக்குவார், முழங்கையை மடக்குவார், ஆனால் விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்காது. ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, நாளுக்கு நூறு தரம் நசிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தப் பந்து எங்கள் நாயிடம் போய்விட்டது.

"பந்து விளையாட நான் என்ன பாலர் பள்ளிக்கே போறன்?" என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பாலர் பள்ளிப் பிள்ளையள் சொல்லுக் கேக்கும்" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் கதிரவேல் சாம்பல்தீவுக்கு அங்கால், சல்லி என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவர். அவருடைய அண்ணன்மார் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்கள். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே கப்பல்துறைக்கு வந்து, மண்வெட்டி பிடிக்கப் பழகி, என் அப்பா தந்த அரை ஏக்கர் வளவை நான்கே வருடத்தில் தோட்டமாக்கியவர். வளவைச் சுற்றி வேலி என்றால் எங்கள் ஊரில் முள்ளுக்கம்பி. எங்கள் வீட்டில் மட்டும் அண்ணன்மார் கழித்துவிட்ட பழைய மீன்வலை. மயிலும் கோழியும் உள்ளே வராது. மீன் நாத்தம் மட்டும் முதல் மாரிக்குக் கொஞ்சம் வரும்.

இந்த வருடம் மாரி நேரத்துக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் பனி, குளிர் என்று வேறு ஒன்றும் இல்லை. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பி, வானம் பகலிலேயே இருட்டி, கிணறு கட்டுவரை நிரம்பினால் அதுதான் குளிர்காலம். அந்தக் காலம்தான் வீட்டுத்தோட்டத்துக்கு வாய்த்த காலம். கத்தரி, பூசணி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் நான் மாரிக்கு மாதக்கணக்கு முன்னமே ஊன்றிவிட்டேன். பயற்றங்காய்க் கொடி மட்டும் தன்னுடையது என்று கதிரவேல் பிடிவாதமாக நின்றார்.

பயற்றங்கொடி ஏறுவதற்கு இரண்டு கட்டைகளுக்கு இடையில் மேலே ஒரு கயிறு இழுத்து, அதிலிருந்து கொடிக்கு ஒரு நூலாகத் தொங்கவிடுவோம். நூலை மேல் கயிற்றோடு முடிய வேண்டும். மற்ற ஆட்கள் சும்மா ஒரு முடிச்சுப் போடுவார்கள். கதிரவேல் வலை பின்னுகிற முடிச்சுத்தான் போடுவார். நூலை வளையத்துக்குள் கீழாலே எடுத்து, பின்பக்கத்தால் சுற்றி, குறுக்கே செருகி, சின்னவிரலில் மாட்டி ஒரே இழுவை. எவ்வளவு மழை பெய்தாலும் அவிழாது. இதைக் கையுக்குப் பயிற்சி என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். நானும் சந்தோஷப்பட்டேன். பந்தை விட நூல் மேல் என்று நினைத்தேன்.

முதல் வரிசையைக் கட்ட அவருக்கு ஒரு முழு நாள் எடுத்தது. பிள்ளையார் கோயில் கட்டியவர் மாதிரி வந்து கதிரையில் இருந்தார். "பாத்தனியே? முப்பது நூல்." முகம் முழுக்கச் சிரிப்பு. வைகாசிக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

இரவு மழை அடித்தது. விடிய நான் முதலில் எழும்பிப் போய்ப் பார்த்தேன். முப்பது நூலும் கொடியோடு சேர்ந்து சேற்றில் கிடந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. சுற்று சரி, செருகல் சரி. கடைசி இழுவைக்குத்தான் விரலில் பலம் இல்லை. மழைத்தண்ணீரின் பாரத்துக்கு எல்லாம் வழுகிவிட்டன.

அந்தச் சிரிப்பை நினைத்தேன். அது இன்னும் ஒரு மணித்தியாலத்தில் எழும்பி வந்து இதைப் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். வேறு ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. குந்தியிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்துக் கட்டத் தொடங்கினேன்.

என்னுடைய முடிச்சு வயல்காரர் முடிச்சு. கதிரவேல் எட்ட நின்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். அதனால் வேலி வலையில் ஒரு மூலையை அவிழ்த்து, திரும்பக் கட்டி, திரும்ப அவிழ்த்து, அந்த இடத்திலேயே பழகினேன். நாற்பத்தேழு வயதில் படிப்பு நன்றாகத்தான் ஏறியது. முப்பதும் முடிய நேரம் சரியாக இருந்தது. சேறு பட்ட இலைகளைக்கூடக் கழுவிவிட்டேன். கதிரவேல் பல்லுத் தீட்டிக்கொண்டு வந்து, ஒரு நூலை இடது கையால் சுண்டிப் பார்த்து, அடுத்த வரிசைக்கு நூல் வெட்டத் தொடங்கினார்.

அப்படித் தொடங்கியது. அவர் பகலில் கட்டுவார், நான் விடியமுன்னம் திரும்பக் கட்டுவேன். ஒரு நாளைக்குப் பத்து, ஒரு நாளைக்கு இருபது. ஒரு தரம் காய்ச்சலோடும் போய்க் கட்டினேன். மனுசன் சாப்பிட்டார், நித்திரை கொண்டார், ரேடியோவில் பாட்டுக் கேட்டு வாய்க்குள் முணுமுணுத்தார். பட்டணத்தில் வேலை செய்கிற மகள் லோஜனாவுக்குப் போனில், "கை எண்பது வீதம் சரி பிள்ளை" என்றார். பக்கத்தில் நின்ற நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்க ஒரு சாட்டாவது இருந்தது.

கார்த்திகை நடுவில் முதல் வரிசைகள் காய்த்தன. ஸைனுலாப்தீன் நானா வந்தார். அவர் கிண்ணியாக்காரர்; முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வருடமாக எங்கள் மரக்கறியை எடுப்பவர். சொன்ன சொல் மாறாத மனுசன். மோட்டார் சைக்கிளைப் படலையடியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் வந்தவர், பயற்றை வரிசைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கதிரண்ணன், இந்தக் காத்து மழைக்கு ஊரில எல்லாத் தோட்டமும் படுத்துக் கிடக்கு. ஒங்கட மட்டும் எப்பிடி நிக்கிது?"

கதிரவேல் வலது கையை உயர்த்திக் காட்டினார். "இந்தக் கை நானா. வருத்தக்காரன்ர கை."

நான் கத்தரிப் பாத்திக்குள் குனிந்துகொண்டேன்.

நானா புறப்படும்போதுதான் மதகுக் கதையைச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மதகு வெள்ளத்தில் உடைந்து, இப்போது பலகை போட்டிருக்கிறது. லொறி அதில் ஏற முடியாது. வியாழக்கிழமை சாமானைக் கண்டி வீதிவரைக்கும் கொண்டுவந்தால் அங்கே நின்று ஏற்றுவார். "ஏலாட்டிச் சொல்லுங்க, ஒரு ஆட்டோவை அனுப்புறன்" என்றும் சொன்னார்.

"ஏன் ஆட்டோ? எங்களிட்ட லாண்ட்மாஸ்டர் இருக்குத்தானே" என்றார் கதிரவேல். "நான் கொண்டுவாறன்."

லாண்ட்மாஸ்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு சில்லு மெசின், பின்னால் பெட்டி, முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு கைபிடிகள். அதற்கு வளைக்கிற வட்டு இல்லை. இடது பிடியில் இருக்கிற கிளச்சை இறுக்கினால் இடது பக்கம் போகும், வலது பிடியை இறுக்கினால் வலது பக்கம் போகும். வலது கை இறுக்காத மனுசன் அதை ஓட்டினால், வலது பக்கம் திரும்புவது இல்லை. ஒழுங்கையிலிருந்து கண்டி வீதிக்கு ஏறி வலது பக்கம்தான் திரும்ப வேண்டும். அந்த வீதியில் சீமெந்து லொறிகள் இரவு பகல் பார்க்காமல் பறக்கும்.

நானா போன பிறகு மெதுவாகச் சொன்னேன், "ஆட்டோவையே வரச்சொல்லுவம். மழையும் வருது."

"நூத்திப்பத்து முடிச்சு மழைக்குள்ள நிக்குது சீதேவி. அதைக் கட்டின கைக்கு ஒரு கிளச்சை நசிக்க ஏலாதே?"

சாட்சியை உண்டாக்கியதே நான். புதன்கிழமை முழுக்க மெசினுக்கு எண்ணெய் போட்டார், கழுவினார், சில்லுக்குக் காற்றுப் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. பக்கத்தில் போவேன், அந்த முகத்தைப் பார்ப்பேன், "தேத்தண்ணி வேணுமே?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். அன்றைக்கு ஆறு தேத்தண்ணி குடித்தார் பாவம்.

வியாழன் விடிய எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. மெசினைச் சுற்றி இயக்குகிற இரும்புக் கம்பி இல்லாவிட்டால் அது அசையாது. கொட்டிலில் தொங்கிய கம்பியை எடுத்துவந்து குசினியில் விறகு அடுக்குக்குள் செருகினேன். தேடட்டும். நேரம் போனால் நானா ஆட்டோ அனுப்புவார் என்று கணக்குப் போட்டேன்.

சாமானை எல்லாம் பெட்டியில் ஏற்றினோம். மூன்று சாக்கு மரவள்ளி, கத்தரி ஒரு சாக்கு, பூசணிக்காய் இருபத்தெட்டு, பிடி பிடியாகக் கட்டிய பயற்றங்காய். பிறகு அவர் கம்பியைத் தேடினார். கொட்டிலில் தேடினார், கிணற்றடியில் தேடினார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். முதலில் என்னைப் பேசினார். பிறகு தன்னையே பேசினார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் இருந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து எண்ணெய் போட்டு முடிச்சு, இந்த ஆணியிலதான் கொழுவினனான்" என்றார். "கொழுவினது நல்லா நினைவிருக்கு சீதேவி. ஆனா இல்லை. அந்த டொக்டர் அப்பவே சொன்னவர், சில பேருக்கு மறதியும் வருமெண்டு. கை வந்திட்டுது, இப்ப மூளை போகுது."

அவர் அழுது நான் பார்த்தது இரண்டு தரம். ஒன்று என் அப்பா செத்த அன்று. மற்றது இது. பயத்தில் அழுத முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். நல்லது செய்வதாக நினைத்து மனுசனை எந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. குசினிக்கு ஓடி, விறகைத் தட்டிவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட மூளைக்கு ஒண்டும் இல்லை. ஆணியிலதான் கொழுவினீங்கள். ஒளிச்சது நான்."

அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பெரிய மூச்சு விட்டு, கண்ணீரோடு சிரித்தே விட்டார். "எடி விசரி! உயிர் போயிட்டு வந்தது எனக்கு." பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "ஏன் ஒளிச்சனீ?"

"உங்களுக்கு ஓட்ட ஏலாது. கை இன்னும் வரயில்லை."

"கை வந்திட்டுது. அங்க பார், கயிறு சொல்லுது."

"கயிறு சொல்லுறது என்ர பொய்." அதற்கு மேல் நிற்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் நாள் சேற்றில் கிடந்த முப்பது நூல், விடியற்காலைகள், கழுவிய இலைகள், காய்ச்சல் எல்லாம்.

அவர் நம்பவில்லை. "நீயோ? வலை முடிச்சோ?" என்று கேலியாகத்தான் கேட்டார். "உன்ர பரம்பரையில ஆரும் கடலில கால் நனைச்சதில்லை."

விடியக் கட்டுவதற்கென்று சட்டைக்குள் செருகியிருந்த நூலில் ஒரு முழம் அறுத்தேன். மெசினின் கைபிடியில் வளையம் போட்டு, கீழாலே எடுத்து, பின்னால் சுற்றி, செருகி, சின்னவிரலில் மாட்டி இழுத்தேன். டக்கென்று இறுகியது. கதிரவேல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஆர் காட்டித்தந்தது?"

"வேலி."

"சின்னவிரல் பிடிச்சது சரி" என்றார். எந்தக் கோபமும் இல்லாமல், ஒரு தொழில்காரன் மற்றத் தொழில்காரனுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொட்டில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என்னைப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அடி அடித்திருந்தால்கூடத் திருப்பி நாலு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் இருந்தது. வருத்தம் ஒரு தரம் பறித்த கையை இரண்டாம் தரம் பறித்தவள் நான்தான்.

போன் அடித்தது. நானா. "கதிரண்ணன், நான் ரோட்டில நிக்கிறன். மழை வரப் பாக்குது."

கதிரவேல் சுவரை விட்டுத் திரும்பினார். "வாறம் நானா" என்று சொல்லி வைத்தார். பிறகு கம்பியை எடுத்து மெசினில் பொருத்தி, இடது கையால் மூன்று சுற்றுச் சுற்றினார். மெசின் புகை கக்கிக்கொண்டு இயங்கியது.

"ஏறு" என்றார்.

"எங்க?"

"முன்னுக்கு. பிடியைப் பிடி. முடிச்சைக் கள்ளமாப் பழகினனீதானே? இதை எனக்கு முன்னால பழகு."

நான் சைக்கிளே ஒழுங்காக ஓட்டாதவள். அந்த மெசின் என்னை இழுத்த இழுப்பில் கொட்டில் தூண் தப்பியது பெரிய விஷயம். கதிரவேல் பெட்டியின் முன்பலகையில் என் வலது பக்கத்தில் இருந்துகொண்டு வாய் ஓயாமல் பேசினார். "இடது! இடது! அது பூவரசு, ஒழுங்கை இந்தப் பக்கம்! பெட்டையின்ர கையைத் தடவுற மாதிரித் தடவாத, இறுக்கிப் பிடி!" ஆறு மாதமாக நான் அவரைப் பேசியதற்கெல்லாம் ஒரே கிலோமீற்றரில் கணக்குத் தீர்த்தார். மதகுப் பலகையில் ஏறும்போது நான் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். அவர் பூசணிக்காய்களைப் பிடித்துக்கொண்டார்.

கண்டி வீதி வந்தது. லொறி ஒன்று, பஸ் ஒன்று, பிறகு வெளி. "இப்ப! வலது!" என்றார். வலது பிடியை இறுக்கினேன். அது இரும்பு மாதிரி இருந்தது, பாதிதான் வந்தது. மெசின் நேரே எதிர்ப்பக்கக் கான் பள்ளத்தை நோக்கிப் போனது. அவர் தன் இடது கையை என் கைமேல் வைத்து என் விரல்களோடு சேர்த்து நசித்தார். மெசின் திரும்பியது. வீதியின் ஓரத்துக்கு வந்து நிறுத்தும்வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஸைனுலாப்தீன் நானா லொறிக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "என்ன தங்கச்சி, றைவர் வேல எடுத்திட்டீங்களா? கதிரண்ணன், கை சரியெண்டீங்களே?"

நான் தலையைக் குனிந்தேன். கதிரவேல் இறங்கினார்.

"இல்லை நானா. கை இன்னும் வரயில்லை" என்றார். "தோட்டத்தில பாத்ததெல்லாம் இவ கட்டினது."

மழை தொடங்கமுன் வீட்டுக்கு வந்தோம். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார். பிறகு நூற்கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வரிசைக்குப் போனார். அங்கே கொடிகள் இப்போதுதான் முழ உயரத்துக்கு வந்திருந்தன. நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். பின்னேரம் முழுக்க ஒவ்வொரு நூலாகக் கட்டினார். சில முடிச்சுகளின் கடைசி இழுவையைப் பல்லால் இழுக்கப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டு, விரலாலேயே இழுத்தார். மைம்மல் பொழுதில் வந்து, "அம்பத்தாறு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவும் மழை விடாமல் பெய்தது. விடியற்காலையில் வழக்கம்போல் எனக்கு முழிப்பு வந்து, கால் தானாகவே கட்டிலை விட்டு இறங்கியது.

"படு" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. நித்திரை கொள்ளாத குரல். "விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும். எனக்குப் பாக்க வேணும்."

படுத்தேன். அவர் எழும்பிக் கதவைத் திறந்து போனது கேட்டது. சேற்றில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கேட்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே அமத்தி வைத்துக்கொண்டு கிடந்தேன். ஓடிப்போய்க் கட்டிவிடு என்று கைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தப் பாழாய்ப்போன முகத்தை இன்னொரு தரம் பார்க்கப் பயமாக இருந்தது.

நன்றாக விடிந்த பிறகு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று வலது கையைத் துவாயில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அம்பத்திரண்டு விழுந்திட்டுது" என்றார்.

நான் எழும்பி இருந்தேன்.

"நாலு நிக்குது சீதேவி. இழுத்தும் பாத்தன். நாலும் என்ர."

எண்ணிப் பார்க்க நான் போகவில்லை.